யாரோட ஸ்டூடண்ட் நீ?

ஊருக்குப் புதுசாக ஒருத்தன் வந்தால் பேர் கேட்பார்கள். அப்புறம் எந்த ஊர். அப்புறம் எந்தத் தெரு. முதல் இரண்டு கேள்வியும் மூன்றாவதுக்கு வந்து சேர்வதற்கான வழிதான் என்பது நமக்குத் தெரியும். ரசாயன ஆராய்ச்சி என்கிற ஊரிலும் இதே மாதிரி ஒரு கேள்வி உண்டு. கருத்தரங்குகளில் காப்பி இடைவேளையின்போது கேட்பார்கள்: "யாரோட ஸ்டூடண்ட் நீ?" கைடு பெயரைச் சொன்னதும், "ஓ, அவரு இன்னாரோட ஸ்டூடண்ட் ஆச்சே, அவரு இன்னாருகிட்ட இருந்தவராச்சே" என்று மூன்று தலைமுறைக்கு மேலே போவார்கள். கோத்திரம் சொல்கிற அதே ஒழுங்கு. கோத்திரம் இல்லாதவன் காப்பிக் கோப்பையோடு ஓரமாக நிற்க வேண்டியதுதான். நான் நின்றிருக்கிறேன்.

இதை எழுதக் காரணம், என்னிடம் ஆய்வு செய்து ஆய்வேட்டைச் சமர்ப்பித்த ஒரு மாணவி. ஆம்பூர்ப் பக்கத்துச் சேரிப் பெண். அவள் அப்பாவும் தோல் கம்பெனிதான், என் அப்பாவைப் போல. ஒருநாள் வந்து கேட்டாள்: "சார், போஸ்ட்டாக் எப்படித் தேடறது? எங்க போட்டிருப்பாங்க?" பெரும்பாலும் எங்கேயும் போட்டிருக்க மாட்டார்கள், போட்டிருந்தால் அதற்குள் ஆள் முடிவாகியிருக்கும் என்று சொன்னேன். சொன்னது பொய்யில்லை. ஆனால் அதைச் சொல்லி அனுப்பிவிட்டு இரவெல்லாம் தூக்கமில்லை. இந்தக் கதவு ஏன் இப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது, இதற்கு முன்னால் தட்டியவர்கள் எப்படி உள்ளே போனார்கள் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. எனக்கும் யாரும் சொன்னதில்லை.

தெரியாத தோழர்களுக்காக: போஸ்ட்டாக் என்பது முனைவர் பட்டம் முடித்தவர் நிரந்தர வேலைக்குப் போகும் முன் இன்னொரு பேராசிரியரின் லேபில் இரண்டு மூன்று வருஷம் சம்பளத்துக்கு ஆராய்ச்சி செய்வது. படிப்பும் இல்லை, வேலையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு திண்ணை. இதற்கு நுழைவுத் தேர்வு கிடையாது. ரோஸ்டர் கிடையாது. ஆனால் பெரிய ஆய்வு நிறுவனங்களில் ஆசிரியராகவோ விஞ்ஞானியாகவோ போக வேண்டுமானால் இந்தத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வந்தவனைத்தான் கேட்பார்கள், அதுவும் வெளிநாட்டுத் திண்ணை என்றால் விசேஷம். 'தகுதியான எஸ்.சி. வேட்பாளர் கிடைக்கவில்லை' என்று கோப்பில் எழுதி மூடுகிறார்களே, அந்தத் தகுதி பல நேரம் இந்த இரண்டு மூன்று வருஷம்தான். இடஒதுக்கீடு வாசலுக்கு வரும்முன் ஆளை வழியிலேயே கழித்துக் கட்டுகிற இடம் இது.

வாசலிலும் ஏற்பாடு இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1975 ஜூன் 23ஆம் தேதி மத்திய அரசு ஓர் ஆணை போட்டது. ஆராய்ச்சி நடத்துகிற, வழிநடத்துகிற அறிவியல் தொழில்நுட்பப் பதவிகளில், முதல் வகுப்பின் அடிப்படிக்கு மேலே உள்ளவற்றுக்கு இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கு அளிக்கலாம் என்றது. அடிப்படியில் ஏறலாம், அதற்கு மேலே அறிவு சம்பந்தப்பட்டது என்று பொருள். 2019இல் மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணியிட ஒதுக்கீட்டுக்கு வந்த சட்டம்கூட ஒரு அட்டவணை போட்டு டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையம் போன்றவற்றை வெளியே வைத்தது. சட்டத்தைப் பற்றியாவது நாம் பேசியிருக்கிறோம். சட்டமே இல்லாத இடத்தைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

இந்த ஏற்பாட்டின் பூர்வீகம் அமெரிக்காவில் இருக்கிறது. 1876இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் இருபது ஆய்வு நல்கைகளோடு தொடங்கியது. ஏற்கனவே டாக்டர் பட்டம் வாங்கியவர்களும் அதைப் பெற்றார்கள். 1919இல் ராக்ஃபெல்லர் பணத்தில் அமெரிக்க தேசிய ஆய்வுக் குழு இயற்பியலுக்கும் ரசாயனத்துக்கும் முனைவர் நல்கைகளை ஆரம்பித்தது. இவற்றில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. பணம் ஆராய்ச்சியாளனின் பெயரில் வந்தது. பையில் பணம் இருக்கிறவன் எந்த லேபுக்குப் போகலாம் என்று அவனே யோசிப்பான். லைனஸ் பாலிங் 1926இல் கக்கன்ஹைம் நல்கையோடு மூனிக்குக்குப் போய் சோமர்ஃபெல்டிடம் குவாண்டம் கற்றது இப்படித்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை மாறியது. அமெரிக்க அரசு பல்கலைக்கழகங்களில் கொட்டிய பணம் பேராசிரியர்களின் பெயரில் திட்ட நிதியாக வந்தது. பணம் அவர் கையில், ஆளும் அவர் தேர்வு. ஹார்வர்டில் உட்வர்டும் சூரிக்கில் எஷன்மோசரும் சேர்ந்து வைட்டமின் பி-12ஐ உருவாக்கி 1972இல் முடித்தார்கள். அதில் உழைத்தவர்கள் சுமார் நூறு பேர், பெரும்பாலானவர்கள் முனைவர் முடித்த இளைஞர்கள். இத்தனை பேரை விளம்பரம் போட்டா சேர்த்திருப்பார்கள்? "என்கிட்ட ஒரு நல்ல பையன் இருக்கான், அனுப்பட்டுமா?" இந்த ஒரு வாக்கியத்தில் ஓடுகிற தொழில் இது. இங்கே அந்த வாக்கியத்தைச் சொல்கிறவர் யார், அந்த 'நல்ல பையன்' எந்தத் தெருப் பையன் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி, தட்டியவர்களின் கதை.

மேரி மேனார்ட் டேலி கறுப்பினப் பெண், நியூயார்க் குயின்ஸில் 1921இல் பிறந்தவர். அவருடைய அப்பாவுக்கு ரசாயனம் படிக்க ஆசை. கார்னெல் வரைக்கும் போய், காசில்லாமல் படிப்பை விட்டவர். மகள் 1947இல் கொலம்பியாவில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் ரசாயனத்தில் முனைவரான முதல் கறுப்பினப் பெண். ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் மிர்ஸ்கியிடம் செல் கருவின் புரதங்களைப் பற்றி ஆய்வு செய்ய விரும்பினார். வரலாம், ஆனால் பணத்தை நீயே கொண்டு வா என்பதுதான் நிபந்தனை. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டே விண்ணப்பம் போட்டார். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் நல்கை கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போய் ஏழு வருஷம் வேலை செய்தார்.

பெர்சி ஜூலியனுக்கு அந்தக் கதவும் முழுசாகத் திறக்கவில்லை. அடிமைகளின் பேரன், அலபாமாவில் 1899இல் பிறந்தவர். வெள்ளை மாணவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று ஹார்வர்டில் பயிற்றுநர் இடம் கை நழுவியது. வியன்னா போய் 1931இல் முனைவர் ஆனார். திரும்பி வந்து, தான் படித்த டிபா கல்லூரியிலேயே ஆய்வு நல்கையில் உட்கார்ந்து, வியன்னா நண்பர் பிக்லோடு சேர்ந்து 1935இல் கண் நோய்க்கான ஃபைசோஸ்டிக்மைனைச் செயற்கையாக உருவாக்கிக் காட்டினார். ஆக்ஸ்ஃபோர்டின் ராபர்ட் ராபின்சன் போன வழி தப்பு என்று நிறுவிய ஆய்வு அது. உலகமே படித்தது. கல்லூரி பேராசிரியர் வேலை தரவில்லை. டுபாண்ட் கம்பெனி பிக்லைச் சேர்த்துக்கொண்டது, ஜூலியனைச் சேர்க்கவில்லை. விஸ்கான்சினில் இன்னொரு ஆய்வு நிறுவனம் கூப்பிட நினைத்தபோது, கறுப்பர்கள் இரவில் தங்கக் கூடாது என்கிற கட்டுப்பாடு அந்த ஊரில் இருந்தது. (நமக்குப் புதுசா என்ன?) கடைசியில் சிகாகோவில் பெயிண்ட் தயாரிக்கிற கிளிடன் கம்பெனிக்கு 1936இல் போய், சோயா மொச்சையிலிருந்து ஹார்மோன்கள் செய்தார். லேபில் நிரூபித்தவனுக்கும் ஊருக்குள் வீடு கிடையாது. 1950இல் அவர் வாங்கிய வீட்டின்மேல் தீக்குண்டு வீசினார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். பிரபுல்ல சந்திர ராய் இந்துக்களின் ரசாயன வரலாற்றை இரண்டு பாகமாக 1902, 1909இல் எழுதினார். கையால் செய்கிற தொழில் தாழ்ந்த சாதிக்கு, யோசிப்பது உயர்ந்த சாதிக்கு என்று பிரித்ததுதான் இந்த மண்ணில் அறிவியல் செத்ததற்குக் காரணங்களில் ஒன்று என்று அதில் சொன்னார். தலைப்பில் இந்து என்று இருப்பதால் அதைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள் இந்தப் பகுதியைப் படிக்காத மாதிரி இருந்துவிடுகிறார்கள். அவருடைய மாணவர் மேகநாத் சாகா. டாக்கா பக்கத்துக் கிராமத்தில் மளிகைக்கடைக்காரர் வீட்டில் 1893இல் பிறந்தவர். கல்கத்தாவில் ஈடன் இந்து விடுதியில் உயர்சாதி மாணவர்கள் அவரோடு உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள். அவர் தலித் அல்ல, அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆனால் தனித் தட்டு என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். டி.எஸ்சி. முடித்த பிறகு 1919இல் பிரேம்சந்த் ராய்சந்த் உதவித்தொகை கிடைத்தது. அடுத்த வருஷம் கப்பலேறி லண்டனில் ஃபௌலரின் லேபுக்கும், 1921இல் பெர்லினில் நெர்ன்ஸ்ட்டின் லேபுக்கும் போனார். நெர்ன்ஸ்ட் பௌதிக ரசாயனத்தின் பெரிய தலை. சாகாவின் அயனியாக்கக் கொள்கையைப் பரிசோதிக்கச் சூடான உலை வேண்டியிருந்தது, அது பெர்லினில் இருந்தது. போஸ்ட்டாக் என்கிற பேர் அப்போது இங்கே கிடையாது. காரியம் அதுதான்.

அம்பேத்கர் ரசாயனக்காரர் அல்ல. ஆனாலும் அவரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1916இல் கொலம்பியாவிலிருந்து லண்டனுக்குப் போனபோது பேராசிரியர் செலிக்மன், லண்டன் பொருளாதாரப் பள்ளியிலிருந்த ஃபாக்ஸ்வெல்லுக்கு அவரைப் பற்றி எழுதினார். பரோடா பணம் நின்றதும் 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. 1920இல் மறுபடி போனார், பம்பாயில் பாடம் நடத்திச் சேர்த்த காசு, கோலாப்பூர் சாகு மகராஜ் தந்தது, பார்சி நண்பரிடம் வாங்கிய கடன் எல்லாம் சேர்த்து. கடிதம் கதவைத் திறக்கும். காசு இல்லையென்றால் கதவுக்குள் நிற்க முடியாது. அவருக்கு இரண்டும் இரண்டு வெவ்வேறு கைகளிலிருந்து வந்தன. இரண்டும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் கதையே சாட்சி.

எங்கப்பா தோல் கம்பெனியில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தார். பச்சைத்தோலை சுண்ணாம்பில் ஊறப்போட்டு மயிர் எடுப்பது. பிறகு குரோம் உருளைக்கு மாற்றினார்கள். கையில் சின்னச் சின்னக் குழிப் புண்கள், ஆறவே ஆறாது. நான் முனைவர் பட்டத்துக்குக் குரோமியச் சேர்மங்களை எடுத்துக்கொண்டது தற்செயல் என்று நேர்முகத்தில் சொன்னேன். தற்செயல் இல்லை. மூன்று இணைதிறன் குரோமியம் தோலைப் பதப்படுத்தும். ஆறு இணைதிறன் குரோமியம் தோலைத் தின்னும், மனுஷன் தோலையும்தான். ஒன்று மற்றொன்றாக எப்போது மாறும்? அதுதான் எனக்குள் இருந்த கேள்வி.

சென்னையில் ஒரு நிறுவனத்தில் ஜே.ஆர்.எஃப். பணத்தில் சேர்ந்தேன். அது என் பெயரில் வந்த பணம், அதனால் சேர்த்துக்கொண்டார்கள். கைடு கெட்டவர் அல்ல. திட்டியதில்லை. சாதிப் பேரைச் சொன்னதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குச் சில மாணவர்கள் போவார்கள். அமெரிக்காவிலிருந்து அவருடைய பழைய சிநேகிதர்கள் வந்தால் அங்கே டிபன். அந்தக் கூடத்தில்தான் எந்தப் பேராசிரியருக்குப் புதுசாக நிதி வந்திருக்கிறது, யாருடைய லேபில் ஆள் கிளம்புகிறான், யாருக்கு எழுதினால் வேலை ஆகும் என்பதெல்லாம் பேசப்பட்டது. என்னை விமான நிலையத்துக்கு விருந்தாளியை அழைத்துவர அனுப்புவார்கள். கூடத்துக்குக் கூப்பிட்டதில்லை. தீண்டாமை என்று யாராவது சொன்னால் அவர் உண்மையாகவே வருத்தப்பட்டிருப்பார்.

1995இல் ஆய்வேடு கொடுத்தேன். போஸ்ட்டாக் என்று வாயைத் திறந்ததும், "உனக்கென்னப்பா, கோட்டாவில லெக்சரர் போஸ்ட் கிடைச்சிடும். எதுக்கு அலையற? சரி, அப்ளை பண்ணு, லெட்டர் தர்றேன்" என்றார். என்னோடு முடித்த இன்னொருவனுக்கு அவரே எழுதினார், மூன்றாம் மாதம் அவன் அமெரிக்கா போனான். அவன் ஆய்வு மட்டமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் நூலகத்தில் சஞ்சிகைகளைப் புரட்டி முகவரி எடுத்து நாற்பத்தேழு கடிதம் தபாலில் போட்டேன். பதில் வந்தது ஒன்பது. எட்டில் நிதி இல்லை என்று மரியாதையாக இருந்தது.

ஒன்பதாவது ஜெர்மனியிலிருந்து. அங்கே அந்த நாட்களில் தோல் பொருள்களில் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கிறது என்று சர்ச்சை நடந்துகொண்டிருந்தது. மூன்றைப் போட்டுப் பதனிட்ட தோலில் ஆறு எப்படி வந்தது? தோலுக்கு மென்மை தர ஏற்றுகிற எண்ணெய்கள் வெயிலிலும் சூட்டிலும் காற்றோடு சேர்ந்து கெடும்போது குரோமியத்தையும் மாற்றிவிடுகின்றன. நான் என் கடிதத்தில் ஒன்று எழுதியிருந்தேன். எங்கப்பா காலத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலும் பார்த்திருக்கிறேன், குரோம் தோலும் பார்த்திருக்கிறேன். பட்டைச் சாறு இரண்டாம் முறை ஏற்றினால் இந்த மாற்றம் தடைபடுமா என்று சோதிக்க வேண்டும் என்று. மரப்பட்டைச் சாறு தடுக்கிறது என்பது இப்போது தோல் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அன்றைக்கு எனக்கு அது அப்பாவின் கையைப் பார்த்து வந்த யோசனை. அந்தப் பேராசிரியர், தன்னிடம் நிதி இல்லை, ஆனால் என் பெயரில் விண்ணப்பிக்கக்கூடிய நல்கை ஒன்று உண்டு, தான் ஒப்புதல் தருகிறேன் என்று எழுதியிருந்தார். 1997இல் போனேன்.

இரண்டு வருஷம் கழித்துக் கிளம்பும்போது அவர்தான் சொன்னார். என் கைடு கொடுத்த ரெக்கோ மூன்றே வரியாம். கடின உழைப்பாளி, ஒழுக்கமானவன், சொன்ன வேலையைச் செய்வான். "வேலைக்காரனுக்கு எழுதுகிற மாதிரி இருந்தது, அதனால் ஒதுக்கிவிட்டு உன் கேள்வியை மட்டும் படித்தேன்" என்றார். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை, ஒரு வார்த்தை திட்டு இல்லை. நான் யோசிப்பவன் என்பது மட்டும் இல்லை. எங்கப்பாவின் முதலாளியைக் கேட்டிருந்தால் அப்பாவைப் பற்றியும் இதே மூன்று வரிதான் எழுதியிருப்பார்.

இன்றைக்கு நிலைமை மாறவில்லையா என்றால், வழிகள் கூடியிருக்கின்றன. சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வு இணையர் நல்கை நேரடியாக ஆளுக்கு வருவது. யு.ஜி.சி. பட்டியல் சாதி, பழங்குடி முனைவர்களுக்கென்றே ஒரு போஸ்ட்டாக் நல்கை நடத்தியது. 2022இல் ராதாகிருஷ்ணன் பெயரில் பொதுவான ஒன்றை அறிவித்தது. தேசிய போஸ்ட்டாக் நல்கையில் வயது வரம்பு 35, நமக்கு ஐந்து வருஷம் தளர்வு. அதை முன்பு நடத்திய வாரியம் 2024இல் அனுசந்தான் அறக்கட்டளைக்குள் கரைந்துவிட்டது. ஹும்போல்ட், மேரி கியூரி எல்லாம் இருக்கின்றன. ஆனால் இந்த மூன்றிலும் பணம் உன் பெயரில் வருவதற்கு முன்னால் ஒரு பேராசிரியர், "இவரை என் லேபில் சேர்த்துக்கொள்கிறேன்" என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு நல்கை கிடையாது. அதுதான் பழைய திண்ணை. நம் இயக்கங்கள் நல்கைத் தொகையை உயர்த்தச் சொல்லிப் போராடுகின்றன, மாதக்கணக்கில் பணம் வராததற்குப் போராடுகின்றன, சரிதான். நிதி வாங்குகிற ஒவ்வொரு பேராசிரியரும் யாரைச் சேர்த்தார், யாரெல்லாம் விண்ணப்பித்தார்கள் என்று பட்டியல் வெளியிட வேண்டும் என்று நாம் கேட்டதில்லை. பொதுப் பணம்தானே அது?

அந்த மாணவி மறுபடி வந்தாள். என் பெயரைச் சொன்னால் கருத்தரங்கில் யாரும் மூன்று தலைமுறை போக மாட்டார்கள், ஒரு தலைமுறையிலேயே நின்றுவிடும் என்று அவளிடம் சொன்னேன். ஜெர்மன் பேராசிரியரும் இப்போது இல்லை. "பரவால்ல சார், யாருக்கு எழுதலாம்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். இருவரும் உட்கார்ந்து பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தோம், பெயரைப் பார்த்து இல்லை, அவர்கள் கடைசியாக எழுதிய கட்டுரைகளைப் படித்து. ஒவ்வொருவருக்கும் அந்தக் கட்டுரையில் இல்லாத ஒரு கேள்வியை அவளே எழுதினாள். இரண்டு கேள்விகள் எனக்கே பதில் தெரியாதவை.

என் ரெக்கோவை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ரெக்கோவை மாணவரிடம் காட்டக் கூடாது என்பது மரபு. நான் அவளை எதிரில் உட்கார வைத்து முழுசாக வாசித்துக் காட்டினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தவள், கடைசியில், "சார், நாலாவது சேர்மத்தோட விளைச்சல் அறுபத்தெட்டுன்னு போட்டிருக்கீங்க, அறுபத்திரண்டுதான் சார்" என்றாள். திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.